அண்ணி செய்த எழுத்துகள்

நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்லவே பிறந்தவள் என்று ஊர் உலகம் நினைக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும். நான் இதை எழுத உட்கார்ந்திருப்பது என் கூடப்பிறந்த அண்ணனைத் திட்டுவதற்காக. இன்னும் ஒருவரையும் திட்டுவேன். ஆனால் அதற்கு முன்னால் அண்ணி யார், அவள் என்ன செய்தாள் என்று சொல்லியாக வேண்டும். அவளையே கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்போது நாங்கள் மூன்று பேரும் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, கீழேயிருந்து எந்நேரமும் ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை. நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு, நம் வாயைத் திறக்காமல் இணைப்புக் கொடுக்கிற வேலை. அதனால் வீட்டுக்கு வந்ததும் என் வாய் கொஞ்சம் நீளும். அண்ணன் போக்குவரத்து அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்களே, அதற்கு அச்சு அசலான ஆள். பஸ்ஸில் எவனாவது இவன் காலை மிதித்தால் இவன்தான் "சாரி" என்பான். வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு நகரும் சத்தம் சைக்கிள் கடை வரை கேட்கும்.

அண்ணியின் அப்பா கப்பலில் இயந்திரம் பார்த்தவர். ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். அண்ணி படித்ததெல்லாம் அங்கேதான், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு, அந்த ஊர் மொழியில். அவள் பெரிய பெண்ணாகும் சமயத்தில் அப்பா தவறிவிட, அம்மாவும் மகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கல்யாணம் பேசும்போது பெண்ணுக்கு ஒரு அயல்மொழி தெரியும் என்று நாங்கள் எல்லோரும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம். கல்யாணம் ஆன பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோபம் வந்தால் அந்த மொழியில் முணுமுணுப்பாள். என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரியாது. யாரைச் சொல்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரியும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மொழிப் பள்ளி இருந்தது. அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று இங்கிருந்து நர்ஸுகளை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தபோது, அவர்களுக்கு மொழி சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. அண்ணி போய்க் கேட்டாள், கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் வகுப்பு. ராத்திரி டியூட்டி முடித்து நேராக வரும் நர்ஸுகள் கொட்டாவி விட்டுக்கொண்டே வினைச்சொல் படிப்பார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சுருட்டை முடி. எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு குழந்தைகள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த ஆஸ்பத்திரி ஒரு வயதுக்கு மேல் ஆள் எடுக்காது. சுருட்டைக்கு அந்த வருஷம்தான் கடைசி. தேறினால் வெளிநாடு, தேறாவிட்டால் அம்மா வீட்டு மூலை. அவள் இதை யாரிடமும் மறைத்ததில்லை. வகுப்பு முடிந்தபின் அண்ணியோடு பஸ் நிறுத்தம் வரை அந்த மொழியிலேயே பேசிக்கொண்டு நடப்பாள், தப்பும் தவறுமாக.

பள்ளி இயக்குநருக்கு அந்த மொழியில் நாலு வாக்கியம் தெரியும். அதில் இரண்டு நன்றி சொல்வது. ஆனால் அவருக்குப் புதிது புதிதாக எதையாவது வாங்கிக் காட்ட வேண்டும். அந்த வருஷம் கம்ப்யூட்டர் வாங்கினார். இப்போது இருப்பது மாதிரி இல்லை. வீட்டில் வைத்துக்கொள்வதற்கென்று அப்போது ஒரு வகை வந்தது. பார்க்க வெறும் தட்டச்சுப் பலகை. திரை கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். வேலை செய்வதற்கான விஷயத்தைக் கேசட்டில் வைத்திருப்பார்கள். டேப் ரெக்கார்டரில் போட்டால் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே உள்ளே ஏறும். அப்படிப்பட்டவற்றை ஒரு கூடம் நிறைய வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி டிவி மாட்டி, இனிமேல் பரீட்சை இதில்தான் என்று அறிவித்துவிட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் பிரதிநிதி வந்து பார்த்தால் அசந்துபோக வேண்டுமாம்.

அதில் ஒரு சிக்கல். அந்த மொழி எழுத்துகளுக்குத் தலையில் கோடு உண்டு, கூரை உண்டு, இரண்டு புள்ளி உண்டு, காலில் வால்கூட உண்டு. இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. அதைச் செய்த நாட்டுக்காரர்களின் வெறும் எழுத்து மட்டும்தான் தெரியும். "புள்ளி கோடு இல்லாட்டி என்ன, படிச்சுக்குவாங்க" என்று இயக்குநர் சொன்னாராம். அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்து அந்த மொழியில் நெடுநேரம் முணுமுணுத்தாள். நம் எழுத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் ஒரு பக்கம் எழுதி, இந்தா படி என்று அந்த மனுஷன் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது தெரியும்.

எங்கள் வீட்டிலும் அதே இயந்திரம் ஒன்று இருந்தது. அண்ணனின் அலுவலகத்தில் எவனோ வாங்கினான் என்று இவனும் வாங்கியது. வீட்டுக் கணக்கெல்லாம் போடும் என்று சொன்னான். ஒரு மாதம் முறைத்துப் பார்த்துவிட்டு, மேலே துணி போட்டு மூடிவிட்டான். அண்ணி அந்தத் துணியை எடுத்தாள்.

அதோடு கூட வந்த புத்தகத்தின் பின்பக்கங்களில் விஷயம் இருந்தது. அண்ணி எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டத்தில் வெளிச்சம், எதில் இருட்டு என்பதுதான் எழுத்து. நாமே கட்டம் போட்டுப் புது எழுத்து செய்யலாம். ஆனால் புதிதாக இடம் கிடையாது. ஏற்கெனவே குடியிருக்கும் ஒன்றைக் காலி செய்துவிட்டு அந்த வீட்டில்தான் இதைக் குடிவைக்க வேண்டும். அதனால் அடைப்புக்குறி, சதவீதக்குறி, நட்சத்திரம் என்று பரீட்சைக்குத் தேவைப்படாதவற்றையெல்லாம் அவள் காலி செய்தாள். இன்னொன்று, புதுக் குடித்தனம் எல்லாம் கரண்ட் இருக்கும்வரைதான். இயந்திரத்தை அணைத்தால் அவை போய்விடும், பழைய ஆட்கள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மறுபடி கேசட்டைப் போட்டு ஏற்ற வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதை, எனக்கு டியூட்டி இல்லாத மத்தியானங்களில், பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பெரிய எழுத்துகள் கட்டத்தின் உச்சி வரை நிற்கும், தலைக்கு மேல் கோடு வைக்க இடமே இருக்காது. எழுத்தின் உயரத்தைக் குறைத்தால் குள்ளமாகத் தெரியும். அவள் நடுவிலிருந்து ஒரு வரிசையை எடுத்துவிட்டு, குறைத்ததே தெரியாதபடி தோளைச் சரிசெய்தாள். கட்டம் போட்ட தாளில் பார்க்க அழகாக இருக்கும் இரண்டு புள்ளிகள், டிவியில் போட்டால் கரைந்துபோகும். ஒற்றைப் புள்ளியை அந்தக் கண்ணாடி மதிக்காது. ஒவ்வொரு புள்ளியையும் இரட்டைக் கட்டமாக்கினாள். அப்படியாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு கோடாகத் தெரிந்தது. மறுபடி பிரித்தாள். காலில் வால் உள்ள எழுத்தின் வால், கீழ் வரியில் இருக்கும் எழுத்தின் மண்டையில் இடித்தது. ஒரு வாலுக்காக இரண்டு மத்தியானம் போயிற்று. அடுப்பில் பருப்பு ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம், ரப்பர் தூள் எல்லாவற்றிலும்.

அண்ணன் அலுவலகம் விட்டு வருவதற்குள் டிவியைக் காலி செய்தாக வேண்டும். வந்ததும் செய்தி பார்ப்பான். ஒருநாள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. திரையில் அந்தக் கூரை போட்ட எழுத்து ஒன்று பெரிதாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, இந்தத் தொப்பியை மாட்டிவிட எத்தனை நாள் என்று கேட்டான். அண்ணி சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்போது அது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சிரிப்பும் எரிகிறது.

எழுத்துகள் முழுதாக வந்த அன்று அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் படிக்கத் தெரியாமல் பார்த்தேன். வரி வரியாக, ஒவ்வொன்றுக்கும் அதனதன் தலையோடும் காலோடும். அவள் வாய்விட்டு ஒரு பத்தியைப் படித்தாள். அவள் குரல் எனக்குத் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குரல்போல் இருந்தது.

இயக்குநர் அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டார், பள்ளியின் புது ஏற்பாடு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இரண்டே விஷயம் சொன்னாள். கேசட் இரண்டு இருக்கிறது, முதலில் எழுத்துக் கேசட், அப்புறம்தான் கேள்விக் கேசட். எழுத்தைத் தனியாக வைத்தால் எந்தப் பாடத்துக்கும் பயன்படும் என்பது அவள் கணக்கு. இரண்டாவது, ஏற்றிய பின் யாரும் அணைக்கக் கூடாது. வாயால் சொன்னது போதாதென்று, "அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒவ்வொரு டிவியின் நெற்றியிலும் சீட்டு ஒட்டினாள். நானும் கூடப்போய் ஒட்டினேன். பசை என் நகத்தில் இருந்தது.

பரீட்சைக்கு முதல்நாள் இயக்குநர் கூடத்தைப் பார்வையிட வந்திருக்கிறார். பிரதிநிதி போட்டோ எடுப்பார், இது என்ன கடைத்தெருவா என்று சீட்டுகளையெல்லாம் பிய்க்கச் சொல்லியிருக்கிறார். பிய்த்தவர் பள்ளியின் கூடம், கதவு, மின்சாரம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பெரியவர். இடுப்பில் எப்போதும் சாவி தொங்கும், அதனால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். யார் பிய்த்தது, ஏன் என்று அண்ணிக்கு அப்போது தெரியாது. சொல்லிக்கொடுத்த டீச்சர் பரீட்சைக் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது பள்ளி விதி. காலையில் வந்து எழுத்தை ஏற்றியபோது சீட்டுகள் இல்லாததைப் பார்த்தாள், மறுபடி ஒட்ட நேரமில்லை, இயக்குநரிடம்தான் வாயால் சொல்லியிருக்கிறோமே என்று வெளியே வந்துவிட்டாள்.

நர்ஸுகள் இரண்டு பிரிவு. முதல் பிரிவு எழுதி முடித்தது. டீ இடைவேளை. அப்போது இயக்குநர் ஒரு இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். சுட்டது. அந்த வகை இயந்திரம் எப்போதும் சுடும், அது அதன் ஜாதகம். இவர் வீட்டு டிவிக்கு ஓய்வு கொடுப்பதுபோல் "எல்லாத்தையும் அணைச்சுடு, கொஞ்சம் ஆறட்டும்" என்று சாவிக்கொத்திடம் சொன்னார். சாவிக்கொத்து மெயின் சுவிட்சையே இறக்கினார். டீ குடித்துவிட்டு வந்து, காலையில் தாம் ஏற்றிய கேள்விக் கேசட்டை மட்டும் ஒவ்வொன்றிலும் ஏற்றினார். காலி செய்யப்பட்ட பழைய ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் பிரிவு உள்ளே வந்து பார்த்தால், கேள்வி முழுக்கச் சொல்லுக்கு நடுவே அடைப்புக்குறியும் சதவீதமும் நட்சத்திரமும்.

நர்ஸுகள் கையைத் தூக்கினார்கள். மேற்பார்வைக்கு இருந்தவருக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. திரையைப் பார்த்தார். அந்த மொழியே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டார். பேசாமல் எழுதுங்கள் என்று அதட்டினார். சிலர் குருட்டாம்போக்கில் எதையோ தட்டினார்கள். சுருட்டை ஒன்றையும் தட்டவில்லை. நேரம் முடியும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்தது சாவிக்கொத்து சொல்லித்தான். அன்று சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், எல்லாவற்றையும் சொன்னார். தம் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பயத்தால் இல்லை. நாளைக்கே போய்ப் பேசி மறுபரீட்சை வைக்கச் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி சொன்னால் போதும் என்றாள். அவள் அப்படித்தான் வளர்ந்திருந்தாள் போல.

மறுநாள் காலை அண்ணிக்கு வேறு வகுப்பு இருந்தது, மதியம்தான் இயக்குநரைப் பார்க்க முடியும். நான் விடுப்புச் சொல்ல என் அலுவலகம் போய்விட்டேன். என் வேலையின் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் ஃபோன் இருந்தது. அந்த இடைவெளியில் அது அடித்திருக்கிறது. எடுத்தவன் அண்ணன். பேசியவர் இயக்குநர். அண்ணன் பேசிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, அலுவலகம் போய்விட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் நானும் அண்ணியும் போனோம். இயக்குநர் அறையில் மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அண்ணி உட்காரவில்லை.

"சார், இயந்திரத்த அணைக்கச் சொன்னது நீங்க. நான் ஒட்டின சீட்டப் பிய்க்கச் சொன்னதும் நீங்க," என்றாள். "பொண்ணுங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ரெண்டாவது பிரிவுக்கு மறுபடி பரீட்சை வையுங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்.

"இன்னைக்கே வெச்சிருப்பேன்மா. ஆனா காலைல உங்க வீட்டுக்காரர் ஃபோன்ல என்ன சொன்னார் தெரியுமா? 'அவளுக்கு அவ்வளவா வெவரம் பத்தாது சார், ஏதோ ஆசைல பண்ணிட்டா, மன்னிச்சுருங்க'ன்னார். நான் ஒண்ணுமே கேக்கல. அவரே சொன்னார். இப்ப நீங்க வந்து என்னைச் சொல்றீங்க."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் அண்ணன். பஸ்ஸில் மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற அதே வாயால், செய்யாத குற்றத்துக்குப் பெண்டாட்டி பெயரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் செய்து வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போயிருக்கிறான்.

இயக்குநர் சாவிக்கொத்தைக் கூப்பிட்டு, நான் அணைக்கச் சொன்னேனா என்று கேட்டார். பெரியவர் தரையைப் பார்த்தபடி, எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்றார். அவரைத் திட்டப் போவதில்லை, அவர் பிழைப்பு அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இயக்குநரைத்தான் திட்டுகிறேன். அதோடு விட்டாரா? எழுத்தையும் கேள்வியையும் எதற்குத் தனித்தனிக் கேசட்டில் வைத்தீர்கள், ஒன்றாக வைத்திருந்தால் இந்த வினையே இல்லையே என்று ஒரு கேள்வி வேறு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். அந்தக் கேள்வி அண்ணியைக் குத்திவிட்டது, நான் பார்த்தேன். இன்றைக்கும் சில நேரம், ஒன்றாக வைத்திருக்கலாமோ என்று சம்பந்தமில்லாமல் கேட்பாள்.

பிறகு அவர் தம் கணக்கைச் சொன்னார். பிரதிநிதி திங்கட்கிழமை கிளம்புகிறார். மறுபரீட்சை வேண்டுமென்றால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். பள்ளியே பரீட்சையைக் கெடுத்தது என்று தெரிந்தால் அவர் இந்த ஊரையே விட்டுவிட்டு வேறு ஊரில் ஆள் பார்ப்பார். அப்புறம் இரண்டாம் பிரிவு மட்டும் இல்லை, நன்றாக எழுதிய முதல் பிரிவும் அம்போ. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்துபோகும் வெளியாள் ஒருவர் செய்த எழுத்தில் கோளாறு, அவரே ஒப்புக்கொள்கிறார் என்றால் விஷயம் சுலபம். அதனால் நாளைக்கு எல்லோர் முன்னாலும், பிரதிநிதி முன்னாலும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். அப்புறம் நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை என்பதையும் மெதுவாகச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பரீட்சை நிச்சயமா வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணனோடு நான் போட்ட சண்டையில் சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார். அவனுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "பெரிய எடத்து மனுஷன் ஃபோன் பண்ணி வருத்தமா பேசுறார். ஒரு சாரி சொன்னா பிரச்சன முடியுது. வெறும் வார்த்ததானே, இதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்றான். வார்த்தைதானே என்றான். அவள் ஒரு வாலுக்காக இரண்டு மத்தியானம் உட்கார்ந்த அதே வீட்டில் இருப்பவன். அண்ணி சமையலறையில் இருந்தாள். அந்த மொழியில்கூட அன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

மறுநாள் கூடத்தில் நர்ஸுகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். பிரதிநிதி முன்வரிசையில், வெளுத்த சட்டை, மடியில் தொப்பி. அண்ணி முன்னால் வந்து நின்று முதலில் அவரைப் பார்த்து அவர் மொழியில் சொன்னாள். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு சுத்தமாக எங்கே கற்றீர்கள் என்று கேட்டிருப்பார் போல, அவள் ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கணத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இயக்குநருக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்காது. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே சுருட்டை உட்கார்ந்திருந்தாள். பிறகு நம் மொழியில் சொன்னாள்.

"அன்னைக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம். நான் செஞ்ச எழுத்துல தப்பு இருந்துது. பள்ளிக்கூடத்து மேல எந்தத் தப்பும் இல்ல. உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கூடத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியை முறைத்துப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இயக்குநர் எழுந்து, மனிதர் தவறுவது இயல்பு என்று பெருந்தன்மையாக ஏதோ பேசினார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டாமல் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மறுபரீட்சை வைத்தார்கள். அதே எழுத்து, அதே கேசட். ஒரு கட்டம்கூட யாரும் திருத்தவில்லை. தப்பான எழுத்து என்று சொல்லப்பட்ட அந்த எழுத்திலேயே எழுதினார்கள், அது ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாவிக்கொத்து இரண்டு கேசட்டையும் சரியான வரிசையில் ஏற்றினார். இரண்டாம் பிரிவில் பெரும்பாலோர் தேறினார்கள். சுருட்டை நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விடுமுறை நாள், அண்ணனும் இருந்தான். கையில் ஒரு பிஸ்கட் டப்பா, புதுச் செருப்பு. குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவதாகவும் ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள். முகம் அப்படி ஒரு நிறைவாக இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. அன்னைக்கு உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். எம்புள்ளைங்க வாழ்க்கையே போச்சேன்னு நெனச்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தா, தப்பு யாருதான் பண்ணல. நான் உங்கள மன்னிச்சுட்டேன்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை, ஆனால் பேசாதே என்று அவள் முதுகு சொன்னது. சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்தப் பெண் நிம்மதியாகப் போய்ச் சேர வேண்டும். அண்ணி அவள் கையைத் தட்டிக்கொடுத்து, அங்கே குளிர் அதிகம், காதை மூடுகிற மாதிரி தொப்பி வாங்கிக்கொள், எங்கே வேலை செய்தாலும் முதல் நாளே சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள் என்றெல்லாம் சொன்னாள். கீழே சைக்கிள் கடை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு மேலே வந்தாள்.

அண்ணன் டப்பாவைத் திறந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பாத்தியா, அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு," என்றான். "வீடு தேடி வந்து மன்னிச்சுட்டுப் போறா. நான் சொன்னேன்ல, ஒரு சாரில எல்லாம் முடிஞ்சுடும்னு."

அண்ணி நின்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவன் முகத்தை அப்படி நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை.

"அவ என்ன மன்னிச்சது இருக்கட்டும்," என்றாள். "உங்கள நான் மன்னிக்கல."

அண்ணன் பாதி பிஸ்கட்டோடு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னையா? நான் என்ன பண்ணேன்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். இன்றைக்குப் போய்க் கேட்டாலும் அதையேதான் கேட்பான்.